மண்ணிலிருந்து வந்த படைப் பொத்தானை வாங்கலாமா?

கேள்வி: மெட்டல் டிடெக்டரால் தேடி எடுத்ததாகக் கூறி, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய அரச முத்திரை பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்றை ஒருவர் எனக்கு விற்க முன்வந்துள்ளார். கிரீமியப் போரில் (1853–56) சண்டையிட்ட பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் சீருடையிலிருந்தது என்கிறார். நன்றாகத் துலக்கிப் பளபளப்பாக வைத்திருக்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொல்லும் கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். 1767-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு பிரிட்டிஷ் காலாட்படையின் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தன் எண்ணைப் பொத்தானில் பொறித்து வந்தது. சாதாரணச் சிப்பாய்களின் பொத்தான்கள் 1855 வரை வெள்ளீயக் கலவையான பியூட்டரில் செய்யப்பட்டு, அதன் பிறகே பித்தளைக்கு மாறின. நீங்கள் குறிப்பிடும் அரச முத்திரைப் பொத்தான், 1871-இல் அந்த எண் பொத்தான்களுக்குப் பதிலாகச் சிப்பாய்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்டது. ஆகவே உங்களிடம் காட்டப்பட்ட பொத்தான் உண்மையாகவே பழையதாக இருந்தாலும், அந்தப் போருக்குப் பிந்தியதாகவே இருக்க வேண்டும். ஏராளமாகக் கிடைக்கும் இவ்வகைப் பொத்தானை மட்டும் வைத்து அணிந்தவரின் ரெஜிமென்ட்டைச் சொல்லவும் முடியாது.

காலத்தை மேலும் நெருங்கிக் கணிக்கக் கிரீடத்தைப் பாருங்கள். வளைவுகள் நடுவில் தாழாமல் உருண்டு உயர்ந்திருந்தால், அது பொதுவாக 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட மன்னர்களின் காலம். நடுவில் தாழ்ந்திருந்தால் விக்டோரியா காலமாகவோ இரண்டாம் எலிசபெத்தின் காலமாகவோ இருக்கலாம். அடுத்து பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பொத்தானைச் செய்த நிறுவனத்தின் பெயரும் இலண்டன், பர்மிங்ஹாம் போன்ற ஊர்ப்பெயரும் அங்கே இருக்கக்கூடும். நிறுவனங்கள் பெயரும் முகவரியும் மாற்றிக்கொண்டதால், அவ்வெழுத்துகள் முன்புறச் சித்திரத்தைவிடத் தெளிவாகக் காலத்தைச் சொல்வதுண்டு. பின்புறப் படத்தைத் தர மறுப்பவரிடம் நான் எதையும் வாங்க மாட்டேன். உருவங்களின் விளிம்பு மழுங்கி, பரப்பில் சிறு குமிழிக் குழிகள் தெரிந்தால், அது அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலாக இருக்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்தப் பளபளப்புதான். பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பித்தளையில் படியும் களிம்பு, பள்ளங்களில் தடித்தும் மேடுகளில் மெலிந்தும், உலோகத்தோடு ஒட்டியிருக்கும். அது அப்பொருளின் வயதுக்கு ஒரு சாட்சி. துலக்கியவர் அந்தச் சாட்சியையும், சில சமயம் எழுத்துகளின் கூர்மையையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். இனி நீங்கள் வாங்கும் எதையும் புளியோ அமிலமோ இட்டுத் தேய்க்காதீர்கள். வெளிர் பச்சைப் பொடி உதிர்ந்தால் குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன என்று பொருள். அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வையுங்கள்.

எந்த நிலத்தில், யாருடைய அனுமதியுடன் எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட போர்க்களங்களில் தோண்டுவது குற்றமாகும்; பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நொறுங்கி விழுந்த படை விமானங்களின் எச்சங்களை உரிமமின்றித் தோண்டி எடுக்க முடியாது. இடத்தை எழுதித் தர அவர் உடன்பட்டு, 1871-க்குப் பிந்திய சாதாரணப் பொத்தானுக்குரிய விலையை மட்டுமே கேட்டால், வாங்கிக்கொள்ளுங்கள்.