எரிமலைச் சரிவில் மழைநீர் ஏன் கல்லும் சேறுமாக இறங்குகிறது?

மட்டக்களப்பில் மாரி மழை நாட்கணக்கில் கொட்டினாலும் வெள்ளம்தானே வருகிறது, எரிமலையில் மட்டும் பாறை ஏன் உருண்டு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் பக்கம் தரை மட்டமானது. தண்ணீர் வயலில் தேங்கும், வாவியில் பெருகும், முகத்துவாரத்தால் கடலுக்குப் போகும். எரிமலைச் சரிவில் கதை வேறு. புதுச் சாம்பல் மிக நுண்ணியது. மழை அடித்ததும் மேற்பரப்பு இறுகிப் பொருக்குத் தட்டிவிடும். அதன்பின் விழும் நீர் ஊறாமல் ஓடும். மறிக்க மரஞ்செடியும் இருக்காது. ஓடும் நீர் சாம்பலை அரித்து ஓடைக்குள் இறங்கி, கரையையும் அடியையும் தோண்டித் தோண்டிப் பருக்கும். கனவளவில் பாதிக்கு மேல் மண்ணும் கல்லுமானதும் குழைத்த கொங்கிரீட் மாதிரி ஆகிவிடும். பெரும்பாறையைச் சுமப்பது அந்த அடர்த்திதான். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்த பிறகு பல வருடம் மழைக்காலந்தோறும் இதுதான் நடந்தது.

வெடிக்காத எரிமலையும் ஆபத்தானதே; இதைப் பலர் கவனிப்பதில்லை. 1998 ஒக்டோபர் 30, நிக்கராகுவாவின் கசீட்டா மலை: மிட்ச் சூறாவளியின் மழை பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, உள்ளே நீரழுத்தம் கூடி, உச்சிப் பக்கம் சரிந்தது. கீழே வர வர மண்ணை வாரிப் பெருத்து, 2000 பேருக்கு மேல் பலியெடுத்தது.

ஓடை நீர் திடீரென வற்றினாலோ, கலங்கித் தடித்தாலோ, நிலம் அதிர்ந்தாலோ ஓடையோரமாகக் கீழே ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள், பாலத்தில் கால் வைக்க வேண்டாம். எரிமலை இல்லாவிட்டாலும் மண்சரிவு வரும் பதுளை மலைகளுக்குப் போகிறவர்களுக்கும் இதே விதிதான்.