பரணில் கிடைத்த பால்சா விமானத்துக்குப் புது உறை

கேள்வி: கல்லூரி நாட்களில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது அப்பா செய்த பால்சா மர விமானம் பரணில் கிடைத்தது. சின்ன எஞ்சின் வைத்துப் பறக்கவிட்டதாம். மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் இறக்கையில் ஒட்டிய காகிதம் மஞ்சளாகி, விரல் பட்டாலே கிழிகிறது. அதன் மேலேயே பிளாஸ்டிக் பிலிமை அயர்ன் பாக்ஸால் தேய்த்து ஒட்டிவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம், அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காகிதத்தின் மேல் பூசியிருப்பது டோப், அதாவது காகிதத்தை இறுக்கி விறைப்பாக்கும் வார்னிஷ் மாதிரியான பூச்சு. அது நைட்ரேட் வகை டோப்பாக இருந்தால் காய்ந்து எத்தனை வருடம் ஆனாலும் சட்டென்று தீப்பிடிக்கும். பிலிமுக்கோ நூறு டிகிரி சூடாவது வேண்டும், அது சுருங்கி இழுக்கிற இழுப்பில் மெல்லிய இறக்கை வளைந்துவிடும். அதைவிட முக்கியம், காகிதமும் டோப்பும் சேர்ந்துதான் அந்த இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் நிற்கிற விறைப்பையே தருகின்றன. பிலிம் அந்த அளவுக்குத் தராது.

ஒட்டுப்போடலாமே என்று தோன்றும். டோப் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே இருப்பதால்தான் காகிதம் இப்படி நொறுங்குகிறது, ஓரிடத்தை ஒட்டினால் பக்கத்து இடம் கிழியும். முழுவதையும் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் எழுத்து, கோடு, வண்ணம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, டிரேசிங் பேப்பரில் அளவோடு படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்பா கையால் எழுதியது அப்படியே திரும்ப வர வேண்டுமல்லவா. விலாக்கட்டைகளுக்கு (இறக்கைக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும் மெல்லிய மரத்துண்டுகள்) நடுவில் பிளேடால் கீறித் தளர்ந்த காகிதத்தை எடுங்கள், மரத்தோடு ஒட்டியிருப்பதைப் பிய்த்தால் பால்சாவும் சேர்ந்து வரும் என்பதால் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஊறவைத்து உரியுங்கள். வெளியே காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

மரத்தில் விரிசல் இருந்தால் ஒட்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்த பிறகு புது டிஷ்யூ, அதாவது மாடல் விமானத்துக்கு ஒட்டுகிற மெல்லிய காகிதம். அதன் இழை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும் (எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் இழை). ஓரங்களை டோப்பால் ஒட்டி, தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் சுருக்கம் தானாகப் போய்விடும், நீங்கள் கையால் இறுக்கி இழுக்க வேண்டியதே இல்லை. அப்புறம் டோப்பில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, சில சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூசுங்கள். எண்ணெய் இருந்தால் பிற்காலத்தில் அவ்வளவு இறுகாது. தண்ணீர் காயும்போதும் சரி, டோப் காயும்போதும் சரி, இறக்கையைச் சமமான பலகையில் ஊசி குத்தி நிறுத்தி வையுங்கள், இதில் அவசரப்பட்டால் முறுக்கிய இறக்கைதான் மிஞ்சும்.

மழை நாளில் டோப் பூசாதீர்கள், ஈரம் பட்டு வெள்ளை பூத்துவிடும். பூத்துவிட்டால் வெயில் நாளில் தின்னரை லேசாக ஓட்டினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

திரும்பவும் எஞ்சின் வைத்துப் பறக்கவிடப் போகிறீர்களா? குளோ எஞ்சின் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன மாடல் எஞ்சின்) என்றால் அந்த மெத்தனால் நைட்ரேட் டோப்பைக் கரைத்துவிடும், அதனால் கடைசிப் பூச்சு அந்த எரிபொருளைத் தாங்கும் பியூட்டிரேட் வகை டோப்பாக இருக்கட்டும். நைட்ரேட்டின் மேல் பியூட்டிரேட் பூசலாம், மாற்றிப் பூசினால் பிடிக்காது.