யாருக்கு முதலில் கட்டுவது?

வணக்கம் அண்ணா,

என் வீட்டுக்காரர் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தார். சம்பளம் 17,000. ஐந்து வாரத்துக்கு முன் சரக்கு இறக்கும்போது மரப்பெட்டி சரிந்து வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் டாக்டர். கான்ட்ராக்டர் அன்றைக்கே 10,000 ஜி-பே பண்ணிவிட்டு, "வீட்ல வழுக்கி விழுந்தாருன்னு சொல்லிடுங்க, இல்லன்னா கேஸ் ஆயிடும்" என்றார். ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லிவிட்டோம். நான் எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் 9,000 சம்பளத்துக்குப் போகிறேன். உரிமைத்தொகை 1,000 வருகிறது. வாடகை 5,500.

என் பேரில் இரண்டு குழுக் கடன், மாதம் 2,450, 1,980. வண்டி இ.எம்.ஐ. 3,600, இன்னும் 19 தவணை. தண்டல் 10,000 எழுதி 8,500 கையில் வாங்கினோம், நாளுக்கு 100. பத்து வட்டிக்கு 20,000, பதினான்கு மாதமாக வட்டி மட்டும் கட்டுகிறோம், என் ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான். 3 பவுன் நெக்லஸ் பேங்க்கில் 90,000-க்கு இருக்கிறது. மீதி என் தாலிச் சங்கிலி 2 பவுன்தான். அதை வைத்து எல்லோர் வாயையும் அடைத்துவிடலாமா? அவர் ராத்திரி தூங்குவதில்லை. "நான் போய்ட்டா உங்களுக்கு நிம்மதி" என்கிறார்.

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். அதை விரக்தியில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று அவரிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனதில் அடைத்து வைத்திருப்பதை வெளியே கொட்ட வழி கிடைக்கும். 104-க்கோ 14416-க்கோ எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. நீங்கள் கடைக்குப் போகும் நேரத்தில் அவரைத் தனியாக விடாதீர்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை அட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும். கடன்காரர் வந்து கத்தும்போது அவர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

சங்கிலியை வைக்காதீர்கள். வாடகை போகக் கடனுக்கு மட்டுமே மாதம் 13,030 வெளியே போகிறது, 10,000 உள்ளே வருகிறது. இந்த ஓட்டைக்குள் 2 பவுனைப் போட்டால் சில மாதம் ஓடும். பிறகு அதே ஆட்கள் அதே வாசலில் நிற்பார்கள், கழுத்து வெறுமையாக இருக்கும். கடன் பாக்கிக்காக ஒருவர் கோர்ட்டுக்கே போனாலும், சமைக்கும் பாத்திரம், உடுக்கும் துணி, படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்ற முடியாத நகை இவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவே சொல்கிறது. கோர்ட்டே தொடாத பொருளை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

புதுக் கடன் தேடுவதற்கு முன் உங்களுக்கு வரவேண்டிய பணத்தைத் தேடுங்கள். அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 17,000-க்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 128 ரூபாய். அந்த 128 இருக்கிறதா? இருந்தால் பத்து இலக்க இன்சூரன்ஸ் எண் ஒன்று அவர் பேரில் இருக்கும். வேலையில் அடிபட்டவருக்கு, குணமாகி வேலைக்குத் திரும்பும்வரை தினக்கூலி சராசரியில் 90 சதவீதம் கிடைக்கும். அவர் சம்பளத்துக்கு அது மாதம் ஏறத்தாழ 15,300. இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. கான்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. ஈ.எஸ்.ஐ. உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும். கான்ட்ராக்டர் கைவிரித்தால் யார்டு நிர்வாகமே பொறுப்பு.

கெட்டது எங்கே என்றால் அந்த "வீட்ல வழுக்கி" என்ற ஒரு வரியில்தான். வேலையில் பட்ட அடி என்றால் 90 சதவீதம், குணமாகும்வரை. வீட்டில் விழுந்தது என்றால் அது நோய்க்கால உதவி, 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள், சந்தா நாள் கணக்கும் பார்ப்பார்கள். ஆறு மாதம் படுக்கையில் இருப்பவருக்கு இது பாதி வழியில் நின்றுவிடும். பிற்பாடு கால் சரியாக மடங்காமலோ குட்டையாகவோ போனால் மருத்துவக் குழு ஊனத்தின் அளவைக் கணக்கிட்டு ஆயுள் முழுக்க மாதத் தொகை தரும்; அந்தக் கதவையும் இதே வரி அடைக்கிறது. கான்ட்ராக்டர் கொடுத்த 10,000-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருத்த முடியும், நாள் கடத்தாமல் செய்ய வேண்டும். கான்ட்ராக்டர், யார்டு நிர்வாகம் இருவருக்கும் பதிவு செய்த ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன சரக்கு, பக்கத்தில் யார் யார் நின்றார்கள், யார் வண்டியில் ஏற்றினார்கள் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் ஏன் வேறு மாதிரி சொன்னோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். விபத்துப் பதிவேட்டில் பதிந்து ஈ.எஸ்.ஐ.-க்கு விபத்து அறிக்கை அனுப்பும்படி கேளுங்கள். நகலை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சாட்சி உங்கள் போனிலேயே இருக்கிறது: அன்றைக்கு வந்த ஜி-பே 10,000, அந்த மணி நேரத்து அழைப்புப் பட்டியல். யார்டு கேட்டில் காலையில் அவர் உள்ளே போன பதிவு இருக்கும், சாயங்காலம் நடந்து வெளியே வந்த பதிவு இருக்காது. அதைக் கடிதத்தில் குறிப்பிட்டுக் கேளுங்கள். கூட வேலை செய்தவர்கள் இப்போது சொல்வார்கள், மூன்று மாதம் போனால் தயங்குவார்கள். கிளை அலுவலகத்தில் நகராவிட்டால் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில் மண்டல அலுவலகம்.

மருத்துவச் சான்றிதழையும் கவனியுங்கள். தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றோடும் அவரை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு ஆட்டோ வைத்து நேரில் அழைத்துப் போங்கள். அங்கே தரும் சான்றிதழ் ஒன்று முடிகிற நாளில் அடுத்தது தொடங்க வேண்டும். நடுவில் நான்கு நாள் விட்டால் நான்கு நாள் பணம் போகும். கடந்த ஐந்து வாரத்துக்குத் தனியார் டாக்டரின் சான்றை ஏற்கும்படி தனியாக எழுதிக் கொடுங்கள், ஏற்க விதியில் இடம் உண்டு. பணம் வாங்கும் காலத்தில் வாட்ச்மேன் வேலை, சில்லறை வேலை என்று எதற்கும் போகக் கூடாது. தெரிந்தால் உதவி நிற்கும், எலும்பும் கூடாது. கான்ட்ராக்டர் அவசரப்படுத்துகிறார் என்று, வேலைக்குத் திரும்பலாம் என்ற ஃபிட்னஸ் சான்றை வாங்கிவிட வேண்டாம்.

அந்த 128 சீட்டில் இல்லை, ஈ.எஸ்.ஐ. பொருந்தாத இடம் என்றால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கச் சட்டம் இருக்கிறது (முன்பு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு). வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாதச் சம்பளத்தில் கால்பங்கு, 15 நாளுக்கு ஒருமுறை. சம்பளக் கணக்குக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறையில் இழப்பீட்டு அதிகாரியிடம் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று நிற்காதீர்கள். பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

அவருடைய பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. வெறும் முறிவுக்கு இதில் பணம் வராது. கால் நிரந்தரமாகப் பயனற்றுப் போனால் மட்டும் 1 லட்சம். ஆனாலும் விபத்தை இப்போதே வங்கியில் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

இனி கடனுக்கு வருகிறேன். வாசலில் நின்று யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்கு முதல் பணம் போகிறது, இதுதான் அடிபட்ட வீட்டை மூழ்கடிக்கிறது. கத்துபவர் பெரும்பாலும் உங்களிடமிருந்து சட்டப்படி எதையும் எடுத்துப்போக முடியாதவர், அதனால்தான் கத்துகிறார். வாடகை, அரிசி, மருந்து, கரண்ட், பிள்ளைகளின் பள்ளி இவை முதல். அடுத்து, கட்டாவிட்டால் பொருள் போகும் கடன்: நகை, வண்டி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

நெக்லஸை ஏலத்துக்கு விடாதீர்கள். வைத்த நாளின் தங்க விலை வேறு, இன்றைய விலை வேறு. கல் எடையையும் சேதாரத்தையும் கழித்து 3 பவுனுக்கு இன்று என்ன தருவார்கள் என்று மூன்று கடையில் எழுதி வாங்குங்கள். 90,000-மும் வட்டியும் போக நல்ல தொகை மிஞ்சும் என்றால் மீட்டு விற்றுவிடுவது நல்லது. வருமானம் இல்லாத வீட்டில் நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது நகையைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பதுதான். "நாங்களே பேங்க்குக்கு வந்து மீட்கிறோம்" என்பவர்கள் வசதிக்கு நிறையப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு மட்டும் சொந்தத்தில் 90,000 புரட்ட முடிந்தால் அது பல ஆயிரம் மிச்சம். மிஞ்சுவதில் ஆறு மாத வாடகையை முதலில் ஒதுக்குங்கள்.

வண்டியை அவர் ஆறு மாதம் ஓட்டப் போவதில்லை, 19 தவணை பாக்கி. கம்பெனியில், இன்று எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று சொல்லும் முடிவுத் தொகைக் கடிதம் வாங்கி, நீங்களே ஆள் பார்த்து விற்றுக் கடனை அடையுங்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு போனால் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும், குறையும் தொகையை உங்களிடமே கேட்பார்கள்.

குழுக் கடனுக்கு வாய்ப்பேச்சு உதவாது. இப்படி எழுதுங்கள்: "என் கணவர் இந்தத் தேதியில் வேலையில் அடிபட்டுக் கால் முறிந்து சம்பளமின்றி இருக்கிறார். மருத்துவர் இந்தத் தேதிவரை ஓய்வு எழுதியிருக்கிறார், நகல் இணைத்துள்ளேன். இந்த மாதம் முதல் ஆறு தவணைகளை நிறுத்திவைத்துக் கடனின் கடைசியில் சேர்க்கக் கேட்கிறேன். பதிலை எழுத்தில் தரவும்." கிளைக்கு ஒன்று, லோன் கார்டில் அச்சிட்டிருக்கும் புகார் முகவரிக்கு ஒன்று. தவணை தவறி 90 நாள் ஆனால் வாராக்கடன் பட்டியலுக்குப் போகும், அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஒத்துக்கொள்வது அவர்கள் விருப்பம், ஆனால் பின்னால் எந்தப் புகாருக்கும் இந்தக் கடிதம்தான் அடித்தளம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, குழுக் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. வசூல் இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான். தொடர்ந்து இருமுறை அங்கே நீங்கள் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டுவது, சொந்தக்காரரையும் கூட வேலை செய்பவர்களையும் தொல்லை செய்வது எல்லாம் தடை. அபராதம் போட்டால் தவறிய தவணைக்கு மட்டுமே, முழுக் கடனுக்கும் அல்ல. கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448. குழுப் பெண்களிடம் நீங்களே முன்கூட்டிப் போய் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஊழியர் வாயால் அவர்கள் கேட்டால் உறவு கெடும்.

தண்டல் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? 8,500 கையில் வாங்கி 100 நாளில் 10,000 கட்டுகிறீர்கள். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைகிறது, சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதிதான். அதனால் இதுவும் மாதம் பத்து வட்டிக்குச் சமம். அந்தப் பத்து வட்டிக்காரருக்கோ இதுவரை 28,000 கொடுத்துவிட்டீர்கள், 20,000 அசல் அப்படியே நிற்கிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாமே தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதிக வட்டித் தடைச் சட்டத்தில் குற்றம், 3 ஆண்டுவரை சிறை. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. 2003 சட்டப்படி நியாயமான வட்டியோடு பாக்கியைக் கோர்ட்டில் கட்டவும் வழி இருக்கிறது. தண்டல் அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். கொடுத்த வட்டியைத் தேதி வாரியாக எழுதுங்கள். வெற்றுத் தாளிலோ பிராமிசரி நோட்டிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். மிரட்டல் வந்தால் இந்தத் தாள்களோடு காவல் நிலையம், அங்கே நகராவிட்டால் வேப்பேரி கமிஷனர் அலுவலகம். தனியாகப் போகாதீர்கள். மாதர் சங்கத்தாரையோ தொழிற்சங்கத்தாரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் ஏ.டி.எம். கார்டை நாளைக்கே வங்கியில் முடக்கிப் புதிது கேளுங்கள். அது உங்கள் கார்டு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கூடவே இன்னொன்று: ஈ.எஸ்.ஐ. பணத்துக்கு இப்போது இ.எம்.ஐ. பிடிக்கும் கணக்கின் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த உதவித்தொகையை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வந்த அன்றே வண்டித் தவணையும், தவணை தவறியதற்கான பவுன்ஸ் கட்டணமும் தானாக எடுத்துக்கொள்ளும், யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். கடன் ஏதும் இல்லாத வேறொரு வங்கியில், அல்லது தபால் நிலையத்தின் பேமென்ட்ஸ் வங்கியில், அவர் பேரில் புதுக் கணக்கு தொடங்கி அந்தப் பாஸ்புக் நகலைக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். மருந்தகத்துக்கு ஆட்டோ எடுக்கும் அதே நாளில் இதையும் முடித்துவிட்டால் அவரை இரண்டு முறை படி இறக்க வேண்டியிருக்காது.