ஷெவெல் கார், கம்ப்யூட்டர் சயின்ஸ், 3 லட்சம் டாலர்

மிச்சிகன் மாநிலம் நோவையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் 11ஆம் வகுப்பு. மதிப்பெண் சுமார். ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் பல வருடமாக அசையாமல் கிடந்த 1970 ஷெவர்லே ஷெவெல் காரில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, வண்டியை ஓட வைத்துவிட்டான். 1960, 70களின் பெரிய இன்ஜின் வண்டிகளான மஸில் கார்களைப் புதுப்பிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். அப்பா டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் நிறுவனத்தில் இன்ஜின் பிரிவில் பொறியாளர். நியூஜெர்சி அத்தையின் மகன் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். கோயம்புத்தூர் தாத்தா, "மெக்கானிக் ஆகவா பேரன் அமெரிக்காவில் பிறந்தான்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அப்பா ஒரு சமரசம் வைத்திருக்கிறார்: கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தால் பழைய கார் ஒன்று வாங்கித் தருவாராம். அம்மாவின் கேள்வி ஒன்றுதான், "அவன் மனதை எப்படி மாற்றுவது?"

அம்மா, "வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும்" என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். சொல்ல மாட்டேன். மாற்ற வேண்டியது அவன் மனதை என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பணம். கடிதத்தில் நீங்கள் எழுதிய கல்லூரிப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள். அவற்றில் பலவற்றில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்கு வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். பெற்றோர் பெயரில் எடுக்கும் மத்திய அரசின் பேரண்ட் பிளஸ் கடனை நம்பியிருக்கிறீர்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தமாக 65,000 டாலர்தான் உச்சவரம்பு. மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடன், இல்லையென்றால் உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு. பையன் விரும்பாத படிப்புக்காக, அத்தை வீட்டோடு சமமாக நிற்பதற்காக, ஓய்வுக்காலப் பணத்தை எடுக்காதீர்கள். இந்த இடத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அந்தக் கடன் பத்திரத்தில் அத்தை கையெழுத்துப் போடப் போவதில்லை.

அப்புறம், உங்கள் கணவரிடம் ஒன்று கேட்க வேண்டும். சார், இன்ஜினை வரைந்தால் கௌரவம், அதே இன்ஜினைக் கழற்றினால் அவமானமா? நீங்கள் வேலை பார்க்கும் ஊரின் பெருமையே இந்த வண்டிகள்தானே. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. அதன் பான்டியாக் பிரிவில் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு, தனி மாடலாக இல்லாமல் லெமான்ஸ் காருக்கான கூடுதல் தேர்வாக 389 கன அங்குல இன்ஜினைப் பட்டியலில் போட்டு விதியைத் தாண்டியது. அதுதான் ஜிடிஓ. அதற்குப் பிறகு ஆளாளுக்குப் போட்டி. 1970 ஷெவெலின் 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜினுக்கு 450 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்டார்கள். காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, 1970இன் தூய காற்றுச் சட்டம் வந்தது, ஈயமில்லாத பெட்ரோலுக்காக அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். 1973 அக்டோபர் எண்ணெய்த் தடை வந்தபோது ஆட்டம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பத்து வருடம்கூட நீடிக்காத காலம். இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் இந்த வண்டிகளைப் பார்க்கக் கூட்டம் மைல்கணக்கில் நாற்காலி போட்டு உட்காருகிறது. உங்கள் மகன் ஊரோடுதான் ஒத்து வாழ்கிறான்.

அதற்காக அவனை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தம்பி, இனி உனக்கு.

ஏலத்தில் 1971 பிளிமத் ஹெமி குடா என்ற திறந்த கூரை மஸில் கார் ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் காணொளியை நீயும் பார்த்திருப்பாய். அந்தப் பணம் போல்ட் திருகியவனுக்கு வருவதில்லை, சொந்தக்காரருக்கும் ஏலக்காரருக்கும் போகிறது. ஆட்டோ மெக்கானிக்குகளின் நடுமதிப்புச் சம்பளம் 2023இல் வருடத்துக்கு 47,770 டாலர் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. மென்பொருளில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைத் தெரிந்துகொண்டு வா. பல கடைகளில் மணிக்கணக்குச் சம்பளமும் கிடையாது, ஃபிளாட் ரேட். புத்தகத்தில் ஒரு வேலைக்கு ஒன்றரை மணி என்று போட்டிருந்தால் ஒன்றரை மணிக்குத்தான் காசு. துருப்பிடித்த போல்ட் உடைந்து நீ மூன்று மணி நேரம் போராடினாலும் அதே காசு. கருவிகளை நீயே வாங்க வேண்டும். சில வருடம் வேலை பார்த்தவர்களின் பெட்டியில் பல்லாயிரம் டாலர் பெறுமான ஸ்பேனரும் சாக்கெட்டும் இருக்கும். சிலருக்கு அதுவே கடன். முதுகும் முழங்காலும் தேயும்.

இதெல்லாம் தெரிந்தும் வருகிறேன் என்றால் மேலே படி.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தது நல்ல தொடக்கம், ஆனால் அது சோதனை ஆகாது. சோதனை எது என்று சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி தயங்குகிறது என்று வை. உடனே புது பாகம் ஆர்டர் போடுகிறாயா, அல்லது வரிசையாகப் பார்க்கிறாயா? முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, பெடலோடு இணைந்த லின்கேஜைக் கையால் இழுத்து, ஆக்ஸிலரேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். வேக்குவம் குழாய் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா? அடுத்து பாயின்ட், அதாவது பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச். அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் வி8 வண்டிகளில் பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியே ஆலன் கீயை விட்டு, மீட்டரைப் பார்த்து, டுவெல் கோணத்தை (பாயின்ட் மூடியிருக்கும் அளவு) 30 டிகிரிக்குக் கொண்டு வரலாம். டுவெல் மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும், அதனால் டைமிங் லைட் அடுத்தபடி. பெட்ரோல், பொறி, அழுத்தம் என்று மூன்றையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வருகிற பொறுமைதான் இந்தத் தொழில். அந்த மூளையும் மென்பொருளில் பிழை தேடுகிற மூளையும் ஒன்றுதான், உன் அப்பாவுக்கு இது புரியும்.

இன்னொரு சோதனை துரு. இந்தக் கார்களில் அடித்தரை, பின்பக்கக் குவார்ட்டர் பேனல், டிக்கியின் அடி, வினைல் கூரைக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் துரு இருக்கும். மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், கேட்கவே வேண்டாம். ஒரு முழுப் புதுப்பிப்பு ஆயிரம் மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். அதில் பெரும்பகுதி இன்ஜின் உறுமுவதில் இல்லை. பழைய தகட்டை வெட்டி, புதுத் தகட்டைப் பொருத்தி, வெல்டு வைத்து, தேய்த்து, மறுபடி தேய்ப்பதில்தான் போகிறது. ஒரு வாரம் தேய்த்த பிறகும் மறுவாரம் கராஜுக்குப் போகத் தோன்றினால் ஆசை உண்மை. அறையில் கார் போஸ்டர் ஒட்டுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சரி, எங்கே படிப்பது? எல்லோருக்கும் தெரிந்த தனியார் மெக்கானிக் பள்ளிகளைப் பற்றியும், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பற்றியும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றுக்கு விளம்பரமே போதும், மற்றொன்றுக்கு அப்பாவே இருக்கிறார். நம் வீடுகளில் யாருக்கும் தெரியாத ஓர் இடம் இருக்கிறது.

கான்சாஸ் மாநிலத்தில் மக்ஃபர்சன் என்ற சின்ன ஊர். அங்கே 1887இல் தொடங்கிய மக்ஃபர்சன் கல்லூரி. பழைய கார் புதுப்பித்தலுக்கு நான்கு வருட இளங்கலைப் பட்டம் தருகிற கல்லூரி. 1976இல் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் தன்னிடமிருந்த பழைய கார்களைக் கொடுத்ததில் பிறந்த படிப்பு இது. தகடு வளைப்பது, பெயின்ட், சீட்டும் கூரையும் தைக்கிற உள்வேலை, இன்ஜின் பிரித்துக் கட்டுவது, கியர்பாக்ஸ், மின்சாரம், லேத் வேலை எல்லாம் உண்டு. கூடவே காரின் வரலாறும், கடை நடத்துகிற கணக்கும், மற்றக் கல்லூரிகளில் உள்ள பொதுப் பாடங்களும் உண்டு. பட்டம் பட்டம்தான், தாத்தாவுக்கு ஃபிரேம் போட்டு அனுப்பலாம். பழைய கார்ப் பைத்தியம் என்று ஊரறிந்த தொலைக்காட்சிப் பிரபலம் ஜே லெனோ இந்தக் கல்லூரிக்கு உதவித்தொகை கொடுத்திருக்கிறார். மாணவர்கள் பல வருடம் உழைத்துப் புதுப்பித்த 1953 மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ் கார், 2023இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் பழைய கார்ப் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது. உலகக் கோடீஸ்வரர்களின் கார்களும், கைதேர்ந்த பட்டறைகள் புதுப்பித்த வண்டிகளும் வரிசையில் நிற்கிற புல்வெளி அது.

அங்கே கற்பது மஸில் காருக்கு மட்டும் உதவுவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1960களில் இந்த வண்டிகளைப் புதிதாக வாங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அடுத்த தலைமுறை எதைச் சேகரிக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தகடும் பெயின்ட்டும் லேத்தும் தெரிந்த கைக்கு எந்தக் காலத்து வண்டியும் வண்டிதான். டியர்பார்னின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம், ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கும், கார் நிறுவனங்களின் மாதிரி வண்டிப் பட்டறைகளுக்கும் இதே கைகள்தான் வேண்டும்.

ஆனால் மக்ஃபர்சனும் தனியார் கல்லூரிதான். உதவித்தொகை போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு என்று கல்லூரியின் இணையக் கணிப்பானில் போட்டுப் பார்க்காமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 3 லட்சம் கடன் தப்பு என்றால், கார் படிப்புக்குப் பெரிய கடன் அதைவிடத் தப்பு, சம்பளம் அதைவிடக் குறைவு என்பதால். ஆகவே முதலில் காசில்லாத படிகள்.

ஓக்லண்ட் கவுண்டியின் தொழிற்கல்வி வளாகங்களில் ஒன்று உங்களுக்குப் பக்கத்தில் விக்ஸமில் இருக்கிறது. 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் அரை நாள் அங்கேயும் படிக்கலாம், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 12ஆம் வகுப்புக்கு அங்கே வாகனப் பிரிவில் இடம் உண்டா என்று பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே கேளுங்கள். பள்ளி முடிந்ததும் ஓக்லண்ட் சமுதாயக் கல்லூரி. ஃபாஃப்சா என்ற மத்திய அரசுக் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பிய மிச்சிகன் மாணவர்களுக்கு உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தை மாநிலமே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஏஎஸ்இ என்ற மெக்கானிக் சான்றிதழின் எட்டுத் தேர்வுகளை, ஏ1 இன்ஜினிலிருந்து ஏ8 வரை, அனுபவத்தோடு முடித்தால் மாஸ்டர் டெக்னீஷியன். மாணவர்களுக்கென்று தொடக்க நிலைத் தேர்வும் உண்டு. மிச்சிகனில் காசு வாங்கி வண்டி பழுது பார்க்க மாநிலச் சான்றும் வேண்டும். தம்பி, முதலில் இன்றைய கார்களின் பிரேக்கும் சென்சாரும் பார்த்துச் சம்பாதிக்கக் கற்றுக்கொள். ஹெமி இன்ஜின் எங்கேயும் ஓடிப் போகாது. அங்கிருந்து மக்ஃபர்சனுக்கு மாறினால் எந்தெந்தப் பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கு இடையில் ஒன்று. இந்தப் பையன் மிச்சிகனில் பிறந்தவன், குடியுரிமை உள்ளவன். உங்கள் பிள்ளை எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருந்தால் கணக்கே வேறு. கோடை விடுமுறையில்கூடக் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும், மெக்கானிக் வேலைக்கு எச்1பி கிடைக்காது. முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

இப்போது அந்த லஞ்சக் கார். வாங்காதீர்கள். படிப்புக்குக் காரைக் கைக்கூலியாகக் கொடுத்தால் இரண்டும் கெடும். அதோடு நீங்கள் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். 1970 ஷெவெலில் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்பது கூடுதல் தேர்வுதான், வண்டியின் தொழிற்சாலை அடையாள எண்ணைப் பார்த்து அது அசலா என்று சொல்ல முடியாது. சாதாரண ஷெவெல் மாலிபுவில் கோடு போட்டு, பேட்ஜ் ஒட்டி எஸ்எஸ் என்று விற்பது பழைய தொழில். பெட்ரோல் டேங்கின் மேலே செருகியிருக்கும், வண்டியில் என்னென்ன போட்டார்கள் என்று சொல்லும் தொழிற்சாலைத் தாள் கிடைத்தால், இன்ஜினில் குத்திய எண்ணோடு அது பொருந்தினால் நம்பலாம். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த பிறகு அவனே தன் காசில் வாங்கட்டும். அதுவரை பக்கத்து வீட்டுப் பெரியவரிடமே கற்கட்டும். ஒரு நல்ல ஜாக் ஸ்டாண்டு ஜோடி மட்டும் வாங்கிக் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரமாக்கித் துடைக்கச் சொல்லுங்கள்.

மே மாதத் தொடக்கத்தில் மக்ஃபர்சன் மாணவர்கள் கல்லூரி வளாகத்திலேயே கார்க் கண்காட்சி நடத்துவார்கள். குடும்பமாகப் போய் வாருங்கள், அப்பா கட்டாயம் வர வேண்டும். கார்களுக்குப் பக்கத்தில் நிற்கிற மாணவர்களிடம் அவர் மூன்று கேள்வி கேட்கட்டும்: இதில் நீ செய்த வேலை எது, எத்தனை மணி நேரம் பிடித்தது, இந்தப் படிப்புக்காக உனக்கு எவ்வளவு கடன்? பதில்களை எழுதிக்கொண்டு வந்த பிறகு எனக்கு அடுத்த கடிதம் போடுங்கள்.