கேட்டதும் சொன்னதும்: மூன்று கோட்களின் மயக்கம்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸில் பாடல்கள் பெரும்பாலும் மூன்றே கோட்களில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுழல்கின்றன. அப்படியிருந்தும் அந்த மின்கிற்றாரில் இளைஞர்கள் எதைக் கேட்டு மயங்குகிறார்கள்?
– வாசகர், கொக்குவில்

பதில்: கோட்களை எண்ணினால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வர வித்துவான் ஒரே சுரத்தை அசைத்து நிறுத்தும்போது, எத்தனை சுரம் வாசித்தார் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லையே. புளூஸ் கலைஞர் தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளுகிறார். இழுவிசை கூடிச் சுரம் மேலேறுகிறது. அதை அவர் ‘சாதாரண காந்தாரம்’ என்ற சுரத்துக்கும் அதற்கு அடுத்து மேலுள்ள ‘அந்தர காந்தாரத்துக்கும்’ இடைப்பட்ட ஓரிடத்தில் தயங்க விடும்போது, அது ஏறத்தாழ மனிதக் குரலாகிவிடுகிறது.

1943இல் மிசிசிப்பியிலிருந்து சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்த புளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ், இரைச்சல் மிகுந்த மதுச்சாலைகளில் தம் வாசிப்பு எடுபடவேண்டும் என்பதற்காகவே மின்கிற்றாருக்கு மாறினார். ஆனால் வால்வு ஒலிபெருக்கியை அதன் எல்லைவரை முடுக்கியபோது பிறந்த கரகரப்பும், தந்தியைத் தட்டிய பின்னும் நீளும் கார்வையும் தனியழகாகவே நிலைத்துவிட்டன. இன்றைய கேரி கிளார்க் ஜூனியரிடமும் அந்தக் கரகரப்பைக் கேட்கலாம்.

வேகமாக விரலோட்டுபவர்கள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடுவார்கள். பி.பி. கிங்கைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு வரி பாடி நிறுத்துவார், அடுத்த வரியைக் கிற்றார் பாடும்.