பல ஆண்டு கழித்து நாடு திரும்பும் பிரிட்டிஷ் குடிமகனுக்கு எல்லாம் உடனே கிடைக்குமா?

20 ஆண்டு ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு நிரந்தரமாகப் பிரிட்டன் திரும்புபவருக்கு மருத்துவமும் உதவித்தொகையும் இறங்கிய அன்றே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவம் கிடைக்கும். குடியேறவே வந்தவர் என்றால் முதல் நாளிலிருந்தே என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சை உண்டு, இத்தனை ஆண்டு வரி கட்டினாரா என்று பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவுசெய்ய முகவரிச் சான்றுகூடக் கட்டாயமில்லை.

சிக்கல் உதவித்தொகையில்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் கேட்டால், இங்கேதான் வழக்கமாக வசிக்கிறீர்களா என்று சோதிப்பார்கள். பாஸ்போர்ட் மட்டும் போதாது. வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, ஒருவழி விமானச் சீட்டு, சாமான்களைக் கப்பலில் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அப்படியும் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் வரை காத்திருக்க நேரலாம். அதற்கான பணத்தோடு கிளம்புங்கள். பிறந்த மண்ணிலேயே இப்படிக் கேட்கப்படுவது வயதானவர்களை மிகவும் நோகடிக்கும். முன்பே சொல்லிவையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருந்தபோது உயராமல் நின்றுபோன பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம், திரும்பியதும் நடப்பு விகிதத்துக்கு வந்துவிடும்.

துணைவர் வெளிநாட்டவரா? அப்படியானால் வேறு எதற்கும் முன்னால் விசாவைப் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானமோ, அதற்கு ஈடான சேமிப்போ காட்ட வேண்டும்.