மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நரம்பு உளவியல் ஆய்வாளரின் செல்வாக்கை அளக்க முடியுமா?

ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிடுகிறார்கள் என்பதே மேற்கோள் எண்ணிக்கை. அதைக் கொண்டு ஓரளவுக்கு அளக்க முடியும், ஆனால் எண்ணிக்கை உயர்ந்ததன் காரணத்தை அந்த எண் சொல்லாது. கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னரை எடுத்துக்கொள்வோம். 1957-இல் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவிலுடன் அவர் எழுதிய கட்டுரை, நினைவாற்றல் ஆய்வில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையின் இருபுறமும் நினைவுகளை உருவாக்க உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி அகற்றப்பட்ட, 'எச்.எம்.' என்ற பெயரெழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்பட்ட நோயாளி, அறிவுத்திறன் குறையாமலேயே, புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்தும் ஆற்றலை இழந்தார் என்பதை அது காட்டியது.

என் பார்வையில், அதைவிட நுட்பமானது பின்னர் மில்னர் எச்.எம்.மிடம் நடத்திய கண்ணாடிச் சோதனை. கண்ணாடியில் தெரியும் தன் கையை மட்டுமே பார்த்தபடி, இரட்டைக் கோட்டாலான நட்சத்திரத்தின் இடைவெளிக்குள் கோடு வரைய வேண்டும். எச்.எம். மூன்று நாட்களில் நன்கு தேறினார். ஆனால் முன்பு அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. நினைவு ஒன்றல்ல, பல அமைப்புகளால் ஆனது என்ற கருத்துக்கு இது அடித்தளமிட்டது.

அட்டைகளை நிறம், வடிவம் போன்ற ஏதோ ஒரு விதிப்படி வகைப்படுத்த வேண்டிய, அந்த விதி இடையில் சொல்லாமலேயே மாறும் விஸ்கான்சின் சோதனையை மில்னர் உருவாக்கவில்லை. எனினும், மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டோர் விதி மாறிய பின்பும் பழைய விதியையே பற்றிக்கொள்வதை 1963-இல் அவர் காட்டிய பிறகே அது மருத்துவப் பரிசோதனைகளில் பரவலாக இடம்பிடித்தது. இத்தகைய செல்வாக்கு மேற்கோள் கணக்கில் முழுமையாகப் பதிவாவதில்லை. சோதனையைப் பயன்படுத்தும் மருத்துவர் எவரும் ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு எழுதுவதில்லையே! எச்.எம்.மைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சூசன் கார்கின் மில்னரின் மாணவி என்பதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். மேற்கோள் கணக்குக்கு வெளியே கிடைத்த அங்கீகாரமாக, 2014-இல் நரம்பறிவியலுக்கான சர்வதேச விருதான காவ்லி பரிசு மில்னர் உள்ளிட்ட மூவருக்கு வழங்கப்பட்டது.